சுரப்பது வேறு, அடைத்து வைப்பது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

மனித இன்சுலினை பாக்டீரியாவில் தயாரித்த கதை உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. 1978-இல் ஆய்வகத்தில் உருவாகி 1982-இல் மருந்தாக அனுமதி பெற்றது வரை எல்லாம் சரி. ஆனால், "மரபணுவைப் புகுத்தியதும் பாக்டீரியா இன்சுலினைச் சுரக்கத் தொடங்குகிறது" என்ற வரி தவறு. அதற்குப் பயன்பட்ட ஈ.கோலி என்ற பாக்டீரியா எதையும் சுரக்கவில்லை. செய்ததைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. புரதச் சுத்திகரிப்பு ஆய்வகத்தில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் இதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. என் உழைப்பில் பெரும்பகுதி போனதே, செய்த புரதத்தை வெளியே எடுப்பதில்தான்.

ஈ.கோலிக்கு இரண்டு சவ்வுகள். அந்நியப் புரதத்தை அளவுக்கு மீறிச் செய்ய வைத்தால், அது சரியாக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளேயே கட்டியாகிவிடும். செல்லை உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், குழாயின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படியும். அதை யூரியாவில் கரைத்து, பிறகு யூரியாவைச் சிறிது சிறிதாக நீக்கி, புரதம் தன் வடிவத்துக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டும். தெளிவாக இருந்த கரைசல் என் கண்ணெதிரே பால் போலக் கலங்கி வீணான நாள்கள் எத்தனையோ. உடைந்த செல்லின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளையும் பிரித்தாக வேண்டும். ஊசி மருந்தில் அது தங்கிவிட்டால் நோயாளிக்குக் காய்ச்சல் வரும்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் பிழைப்பே வேறு. மக்கிய இலையை விழுங்க அதற்கு வாய் இல்லை. நொதிகளை வெளியே அனுப்பி, அங்கேயே கரைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே சவ்வுதான் என்பதால், அதைத் தாண்டினால் புரதம் வெளியே வந்துவிடும். புரதத்தின் தலையில் இருக்கும் சிக்னல் பெப்டைடு என்ற சிறு துண்டு அதை வாசலுக்கு இட்டுச் செல்கிறது. கடந்ததும் அந்தத் துண்டு வெட்டப்படுவதால், புரதத்தின் தலை மனித உடலில் உள்ளபடியே அமைகிறது. இது சின்ன விஷயமல்ல. 1985-இல் ஈ.கோலியில் செய்து அனுமதி பெற்ற முதல் வளர்ச்சி ஹார்மோனின் தலையில், மனித உடலில் உள்ள ஹார்மோனில் இல்லாத மெத்தியோனின் என்ற ஒரு அமினோ அமிலம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கொடுக்க அந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பிகளிலிருந்து எடுத்தார்கள். அதன் வழியாகக் கொடிய மூளைநோய் தொற்றிச் சிலர் இறந்த பிறகே அது நிறுத்தப்பட்டது. அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொண்டுதான் நான் குடுவையைக் கையில் எடுப்பேன்.

மண் பாக்டீரியாவிலும் தொல்லை உண்டு. ஒரு மாலை, மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவைப் புகுத்திய பேசில்லஸின் வளர்ப்புத் திரவத்தை, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். வளர்ச்சி ஹார்மோன் நிற்க வேண்டிய இடத்தில் தெளிவான நீலப் பட்டை. செல்லை உடைக்கவில்லை, யூரியா தொடவில்லை. கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை அதே குடுவையிலிருந்து எடுத்து ஓட்டினால், பட்டை இருந்த இடம் வெறும் கண்ணாடி போல இருந்தது. வெளியே வந்த புரதத்தை, அதே பாக்டீரியா வெளியிட்ட புரோட்டியேஸ்கள் என்ற புரதம் வெட்டும் நொதிகள் இரவோடு இரவாகத் தின்று தீர்த்திருந்தன. மண்ணில் அதன் உணவே அப்படித்தான் கிடைக்கிறது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே சுரக்கும் எட்டு புரோட்டியேஸ்களின் மரபணுக்களையும் நீக்கிய டபிள்யூபி800 என்ற வகையை ஆய்வாளர்கள் உருவாக்கியது இதற்காகத்தான். பேசில்லஸின் உறவான பிரெவிபேசில்லஸில் இந்தத் தின்னும் குணமே குறைவு. 1989-இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் தோல் செல்களை வளரத் தூண்டும் புரதமான மனித எபிடெர்மல் வளர்ச்சிக் காரணியை அதில் சுரக்க வைத்துக் காட்டினார்கள்.

எல்லா மனிதப் புரதத்துக்கும் இவை உதவாது. இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினுக்குத் தேவையான சர்க்கரைச் சங்கிலிகளை இவற்றால் மனித உடலில் உள்ளபடி கோக்க முடியாது. அதற்குப் பாலூட்டிகளின் செல்கள்தான் வேண்டும்.

கட்டுரைக்கு "கிருமி தரும் மருந்து" என்று தலைப்பிட்டிருந்தீர்கள். நோய் தராத உயிரைக் கிருமி என்றால் படிப்பவர் மருந்தைக் கண்டே அஞ்சுவார். சுரப்பது பற்றிய அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். மண் பாக்டீரியா பற்றித் தனிக் கட்டுரை போடுவதானால், படத்தில் அதை ஒரே சவ்வோடு வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்