வண்டுப் பொறியைப் பங்கு பிரிக்காதீர்கள்

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னை விவசாயிகள் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தோப்புகளைச் சாய்த்தது. அதன்பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விட்டுக் காய்ப்புக்கு வருகின்றன. சிவப்புக் கூன்வண்டு தேடி வரும் பருவமும் இதுதான். இருபது வயதுக்கு உட்பட்ட மரங்களைத்தான் அது அதிகம் குடைகிறது. அதனால் வாசனைக் குப்பி தொங்கவிட்ட வாளியில் வண்டை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றி ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறேன். பொறிகளை ஆளுக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஊருக்கு ஒரே திட்டமாக வைத்து, பராமரிக்க ஓர் ஆளைப் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். கத்தரியில் காய்த்துளைப்பானுக்கும் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் வைக்கிற பொறிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த அந்துப்பூச்சிகளில் வாசனை விடுவது பெண், தேடி வருவது ஆண். பொறியில் விழுவதெல்லாம் ஆண்தான். தப்பிய சில ஆண்களே பல பெண்களோடு சேர்ந்துவிடும் என்பதால், அந்தப் பொறி பெரும்பாலும் பூச்சி வந்துவிட்டதா, எவ்வளவு வந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கத்தான் பயன்படும். கூன்வண்டின் கதை வேறு. அதில் வாசனை விடுவது ஆண். இரை இருக்கிற இடத்துக்கு ஆணையும் பெண்ணையும் சேர்த்தே கூப்பிடுகிற வாசனை அது. 1993இல் அதை இனங்கண்டு ஃபெருஜினியால் என்று பெயர் வைத்தார்கள். நாம் வாங்கும் குப்பியில் இருப்பது அதுதான். பொறியில் விழும் வண்டுகளில் பெண்ணே அதிகம். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் இருநூறு முட்டைக்கு மேல் இடக்கூடியது. அது முட்டையிடும் முன் வாளியில் விழுந்தால் எத்தனை மரம் தப்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். மருந்து தெளித்துப் பிடிக்க முடியாத பூச்சி இது. புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்கிறது. காதை வைத்தால் அரைக்கிற சத்தம் கேட்கும், ஓட்டையில் பழுப்பு நிறச் சாறு வடியும். நடுக்குருத்து சாயும்போது நமக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இவ்வளவு நல்ல கருவியை நாம் எப்படி நடத்துகிறோம்? கூட்டம் போட்டு வாளியும் குப்பியும் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், அவரவர் கொண்டுபோய் வீட்டுக்குப் பக்கத்துத் தென்னையிலேயே கட்டிவிடுகிறார்கள். குப்பி மட்டும் இருந்தால் வண்டு அவ்வளவாக வராது. வாளிக்குள் புளித்த வாசனையும் வேண்டும்: அழுகிய வாழைப்பழம், நசுக்கிய கரும்புத்துண்டு, கொஞ்சம் ஈஸ்ட். விழுந்த வண்டு ஏறிப் போகாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டையும் மாற்ற வேண்டும். குப்பியே மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், வெயில் பட்டால் அதற்கும் முன்பே. இரண்டாவது வாரமே தண்ணீர் வற்றிக் கிடக்கிற வாளிகளை நம் பகுதியில் எத்தனையோ பார்க்கிறேன். வற்றிய வாளியில் குப்பி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால் என்ன நடக்கும்? வண்டை வா வா என்று தோப்புக்குள் அழைத்து, பிடிக்காமல் விட்டுவிடுகிறோம். வந்த வண்டு பக்கத்து இளமரத்தில் இறங்குகிறது. அப்படிப்பட்ட பொறி இல்லாமலே இருப்பது நல்லது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "பொறி வைத்தும் மரம் போச்சு" என்று பேசுகிறவர்கள் அதிகமாகிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை.

இன்னொன்று. கூன்வண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும், வரப்பு பார்த்து நிற்காது. ஒருவர் மட்டும் ஒழுங்காகப் பொறி வைத்தால் சுற்றியுள்ள தோப்பு வண்டெல்லாம் அவர் பக்கம் திரும்பும். அவர் சலித்துப்போய் விட்டுவிடுவார். கோஸ்டாரிகாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இதன் இன்னொரு இனமான கூன்வண்டு, மரத்தையே கொல்லும் சிவப்பு வளைய நோயையும் சேர்த்துப் பரப்பிக்கொண்டிருந்தது. அங்கே பெரிய தோட்டம் முழுக்க ஒரே நிர்வாகம் பொறி வைத்து விடாமல் பராமரித்தது. நோய் வெகுவாக அடங்கியது. நமக்கு அப்படி ஒரே முதலாளி கிடையாது, ஆளுக்கு ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர்தான். அந்த இடத்தில் நிற்க வேண்டியது குழுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஊரின் தோப்புகளை ஒரே வரைபடமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை ஏக்கருக்கு ஒரு பொறி போதும். தென்னையில் கட்டாதீர்கள். வரப்போரத்து வேம்பிலோ, நட்ட கம்பத்திலோ, நிழலில், இளங்கன்றுகளை விட்டுத் தள்ளி வையுங்கள். வாளிக்கு வெளியே சாக்கு சுற்றினால் வண்டு பற்றி ஏறும். தண்ணீரில் மருந்து கலந்தால் ஆடு மாடும் பிள்ளைகளும் அண்டாத இடமாகப் பாருங்கள். ஊரில் நிலமில்லாத ஓர் இளைஞருக்கோ அக்காவுக்கோ இந்தச் சுற்றைச் சம்பளத்தோடு கொடுங்கள். காய் விற்பனையில் ஏக்கர் கணக்குக்கு ஒரு சிறு தொகை பிடித்தால் போதும். எந்தப் பொறியில் எத்தனை வண்டு என்று அவர் நோட்டில் எழுதட்டும். எண்ணிக்கை ஏறுகிற பக்கத்துத் தோப்பைப் போய்ப் பார்த்தால், புழு வைத்த மரம் ஏதாவது அங்கே நிற்கும். அதை உடனே வெட்டிப் பிளந்து எரிக்க வேண்டும். அதற்குத் தோப்புக்காரர் தயங்கினால் குழு அவர் பக்கத்தில் நின்று செலவையும் பங்கிட வேண்டும். காய்க்கிற மரத்தை வெட்டுவது யாருக்கும் எளிதில்லை.

பொறி மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. தென்னையைத் தாக்கும் இன்னொரு பூச்சியான காண்டாமிருக வண்டு குருத்தில் போட்ட காயத்தின் வாசனைதான் கூன்வண்டுக்கு வழி காட்டுகிறது. மட்கிக் கிடக்கும் பழைய தண்டுகளை அகற்றி, எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை கலந்தால் காண்டாமிருக வண்டின் புழு அங்கேயே சாகும். பச்சை மட்டையை வெட்டியே தீரவேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். காய் வெட்டுகிறவர்களிடம் இதை ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே பாதி காயம் குறையும்.

வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொறி வைக்கும் இடங்களைக் குறித்த வரைபடத்தோடு அங்கே போய் ஆலோசனை கேட்கலாம், கூட வர நான் தயார். அடுத்த முறை மானியத்தில் வாளிகள் வரும்போது கையெழுத்து வாங்கிப் பங்கு பிரிக்கும் முன், பராமரிப்பு ஆளையும் ஓராண்டுக்கான மாற்றுக் குப்பிகளையும் முடிவு செய்துவிட்டுப் பிறகு இறக்குங்கள். அதற்கான கூட்டத்தை இந்தக் காய்வெட்டு முடிந்ததும் கூட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு தென்னை விவசாயி