ஸ்பானிஷ் நோட்டோடு வந்த பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை கூட்டத்துக்கு மார்க் விசாரிக்க வருவீர்கள் என்று ரேங்க் கார்டுகளை அடுக்கி வைத்திருந்தேன், பார்த்தால் பாதிப் பேர் பிள்ளைகளின் ஸ்பானிஷ் நோட்டோடு வந்து நிற்கிறீர்கள். ஆளாளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நானும் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவன்தான், என் நோட்டிலும் சிவப்பு மை நிறைய உண்டு.

அதிகம் பேர் கேட்டது 'செர்', 'எஸ்தார்' பற்றி. ஆங்கிலத்தில் 'is' என்று ஒன்றாகச் சொல்வதற்கு ஸ்பானிஷில் உள்ள இரண்டு வினைச்சொற்கள் இவை. நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று ஏதோ கைடில் போட்டிருக்கிறதாம். அதை நம்பினால், 1010-ல் கட்டி முடித்து இன்றைக்கும் அசையாமல் நிற்கிற தஞ்சாவூர் பெரிய கோயில் எங்கே இருக்கிறது என்று சொல்ல செர் போட வேண்டும். ஆனால் அங்கே எஸ்தார்தான் வரும். செத்துப்போனவரைக்கூட 'எஸ்தா முவெர்த்தோ' என்கிறார்கள், அதில் என்ன தற்காலிகம்? பிள்ளையைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'அவர் டாக்டர்' என்பதில் வினைச்சொல்லே இல்லை, அங்கே செர். 'அவர் வீட்டில் இருக்கிறார்', அங்கே எஸ்தார். எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது ('உயரமாக இருக்கிறான்' என்பதற்கு செர்தான்), ஆனாலும் ஆரம்பத்துக்குப் போதும். எனக்கு இது புரிந்தது வாழைப்பழத்தில். 'வெர்தே' என்றால் பச்சை. செர் போட்டால் நிறமே பச்சை, நம் பச்சைப்பழம் மாதிரி. எஸ்தார் போட்டால் இன்னும் காய், பழுக்கவில்லை.

'மே குஸ்தா எல் கஃபே'யில் 'நான்' எங்கே போனது என்று ஒரு அம்மா கேட்டார். எனக்குக் காபி பிடிக்கும் என்கிறோமே, அதில் 'நான்' எங்கே இருக்கிறது? டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் படிப்பானேன்! ஒன்றை மட்டும் கவனியுங்கள், பிடித்த பொருள் பன்மையானால் 'குஸ்தா' 'குஸ்தான்' ஆகும்.

யாரைப் பார்த்தேன் என்று சொல்லும்போது அந்த ஆளுக்கு முன்னால் ஸ்பானிஷில் வரும் அந்தக் குட்டி 'ஆ'வும் நமக்குப் புதிதில்லை. 'வீடு பார்த்தேன்' என்போம், 'மாமா பார்த்தேன்' என்போமா? 'மாமாவை' என்று ஐ வேண்டும். கிட்டத்தட்ட அதே வேலைதான்.

ஆண்பால் பெண்பாலில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும், ஏனென்றால் நமக்கு மேசையும் கையும் அஃறிணை. அங்கே பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' போடுவார்கள். மேசை பெண்பால், கையும் பெண்பால் ('மானோ' என்று ஓவில் முடிந்தாலும் 'லா மானோ'தான்), பிரச்சினை என்று பொருள்படும் 'ப்ரொப்லேமா' ஆண்பால். காரணம் தேடினால் தலைவலிதான் மிச்சம். ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி விட்டுத் தாயாகக் கும்பிடுகிற காவிரியே அங்கே 'எல்' போட்டு ஆண்பாலாகிவிடுகிறாள், ஆறுகளுக்கு அங்கே பெரும்பாலும் அப்படித்தான். ஒரு பையனின் பாட்டிக்கு இதில் என் மேல் கோபம். அதனால் சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள், 'எல்'லோ 'லா'வோ சேர்த்தே ஒப்பிக்கட்டும்.

அப்புறம், அந்த கைடை இனி வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், எனக்குத் தெரியாததை ஸ்பானிஷ் டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்