உப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவருக்கு

தொண்டிப் பக்கத்துக் கரையிலிருந்து, கடல்பாசி வளர்க்கும் எங்கள் மகளிர் குழுவுக்காக எழுதுகிறேன்.

வாடைக்காற்று ஓய்ந்தபோது எங்கள் கரை எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லத் தெம்பில்லை. இன்று காலை பாசி கட்டிய புது மூங்கில் மிதவைகளை இறக்கி நங்கூரம் போட்டுவிட்டோம். கயிறு அறுத்த கை இன்னும் எரிகிறது. எரிச்சல் ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

மூங்கிலைக் கடனுக்குத் தந்த கடைக்காரர், வலை விடும் இடத்தில் எங்களுக்காக ஒதுங்கிக்கொண்ட வள்ளக்காரர்கள், கயிறு கட்டுவதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்த மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், எல்லாருக்கும் கும்பிடு. பழைய வலையைத் தூக்கிக் கொடுத்த அண்ணன்மாருக்கும்தான். மிதவைக்கு அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்து மொட்டையாக்கிவிடும். அப்புறம், நேற்று ராத்திரி தூக்கத்தை விட்டு எங்களோடு உட்கார்ந்த பக்கத்துத் தெருப் பெண்கள். மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஒரு மிதவைக்கே 60 கிலோ பாசி கட்ட வேண்டும். சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒரு மீன்காரருக்கு. அவர் பேர் எங்களுக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்த தையில் விதைப்பாசி கிடைப்பது குதிரைக்கொம்பு. முனைக்காட்டில் ஒரு அண்ணன் தன்னிடம் பிழைத்திருந்த, பெப்சிப் பாசி என்று நாங்கள் சொல்லும் வளர்ப்புப் பாசியிலிருந்து எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே தென்னங்கீற்று மூடிக் குட்டியானையில் ஏற்றி வந்தோம். தேவிபட்டினம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். சாக்கைத் தொட்டால் சுடுகிறது. பாசி வெளுக்கத் தொடங்கிவிட்டால் அதைக் கட்டிப் பிரயோஜனமில்லை.

டீக்கடை அம்மா பாவம், ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை நீட்டினார். நல்ல தண்ணீர் பட்டால் இது செத்துவிடும் அம்மா, கடல் தண்ணீர்தான் வேண்டும் என்றோம். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டார். எதுவும் பேசவில்லை. தன் டிவிஎஸ்ஸில் இருந்த பெட்டியை இறக்கி, மீனையும் ஐஸையும் கடை அண்டாவில் கொட்டி மூடிவிட்டு, காலிப் பெட்டியோடும் கடையிலிருந்த இரண்டு கேன்களோடும் கிளம்பிவிட்டார்.

வர நேரமாயிற்று. போனவர் போனவர்தான் என்று நினைத்துவிட்டோம். வந்ததும் பெட்டிக்குள் விரலை நனைத்து என்னிடம் நீட்டினார்.

"கரிக்குதா பாரு தங்கச்சி. ஓடை வாயில மழைத்தண்ணி கலந்து சப்புன்னு இருக்கு. அதான் தாண்டிப் போயி மோந்தேன்."

நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல கரிப்பு. அவர் சொல்லாவிட்டால் ஓடை வாய்த் தண்ணீரை யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

மெக்கானிக் வந்து வண்டி கிளம்பும்வரை அவர் போவதும் வருவதுமாக இருந்தார். அண்டாவில் ஐஸ் கரைந்துகொண்டே இருந்தது. மீன் கெட்டுவிடுமே அண்ணே என்றால், "முரல்தானே, கருவாடாப் போட்டுக்கலாம்" என்று சிரித்தார். பணத்தை நீட்டினோம், டீக்காசுகூட வாங்கவில்லை. வெயிலில் அலைந்து ஒரு நாள் வியாபாரத்தை விட்டவர் அவர். மீன் விற்கிறவருக்கு ஒரு நாள் என்றால் என்னவென்று கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் பாம்பன் பக்கத்துப் பிள்ளை. என் அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவோரம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். பாறை கிழித்த கையோடு சோறு பிசைவார். கட்டி வளர்க்கும் பாசியில் அந்தக் கிழிசல் இல்லை என்றுதான் நான் இதில் இறங்கினேன். 45 நாளில் அறுப்பு, கையில் காசு என்று கணக்கும் எளிதாகத்தான் தெரிந்தது. வாடையும் வெயிலும் கணக்கில் வராது போல. சரி, அதற்குத்தான் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இப்போது நம்புகிறேன்.

குழுவில் பேசி ஒன்றை முடிவு செய்திருக்கிறோம். எங்கள் அறுப்பில் ஒரு பங்கு விற்பனைக்குப் போகாது. அடுத்த மழைக்காலத்தில் அதை எப்பாடுபட்டாவது காப்பாற்றி வைப்போம். தையில் புதிதாகப் பாசி கட்ட வரும் எந்தப் பெண்ணுக்கும் முதல் மிதவைக்கான விதை இலவசம். வண்டியில் கடல் தண்ணீர்க் கேனும் சேர்த்தே ஏற்றி அனுப்புவோம்.

தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கத்தில் டிவிஎஸ்ஸில் மீன் விற்பவர், நீலப் பெட்டி, சிரித்தால் ஒரு பக்கம் பல் இருக்காது. தெரிந்தவர்கள் இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அண்ணே, ஒரு நாள் எங்கள் ஊர்ப் பக்கம் பெட்டியோடு வாருங்கள். முரலோ எதுவோ, மொத்தமும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். பேரம் பேச மாட்டோம்.