ஒட்டுசுட்டான் வீதியில் எங்களோடு நின்றவர்களுக்கு

அம்மா நேற்றுக் காலை எழுந்து உட்கார்ந்து, சீனி போடாத தேநீர் கேட்டார். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு விறாந்தைக்கு வந்து அழுதேன். அழுத கண்ணோடு இதை எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் வீட்டு வேலையும் அலுவலக வேலையும் வந்து மூடிவிடும். அதற்கு நான் இடம் கொடுக்கக் கூடாது.

சனிக்கிழமை இரவு மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் எங்கள் வானின் சில்லு காற்றுப்போய் நின்றதும், அம்மாவுக்குக் கடுமையாகச் சுகமில்லாமல் போனதும் உறவினர்களுக்கும் அந்த வீதியோரத்து மக்களுக்கும் தெரியும். அதை முழுதாகத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. எங்களுக்காக நின்றவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மீன் ஏற்றுவதற்காக முல்லைத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்த லொறியை நிறுத்தி, உதவியாளரைப் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறச் சொல்லிவிட்டு, அம்மாவையும் என் கணவரையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலை வாசல்வரை போன சாரதி அண்ணாவுக்கு. விடியும்வரை அம்மாவின் கட்டிலைவிட்டு அகலாத தாதிமாருக்கு. பக்கத்துக் கட்டில் நோயாளியின் வீட்டார், தங்கள் பாயில் பாதியை என் கணவருக்கு விட்டுக்கொடுத்ததற்கு. முள்ளியவளையில் பெரியம்மா வீட்டுக்கு அயலவர்கள் மூன்று நாளும் அனுப்பிய புட்டுக்கும் சொதிக்கும். எங்கள் வானின் உதிரிச் சில்லை மோட்டார் சைக்கிளின் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் பறந்த இரண்டு தம்பிமாருக்கு. இறக்கிய கதவை மறுபடி தூக்கி, கொம்பிரசரைப் போட்டு, காற்றடித்துக் கொடுத்துவிட்டுப் பணம் வேண்டாம் என்ற ரயர் கடைக்காரருக்கு, எல்லோருக்கும் என் வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுத வேண்டும். எழுதுவேன்.

ஆனால் இந்த மடல் சைக்கிளில் வந்த ஐயாவுக்கு.

லொறி போன பிறகு அந்த வீதியில் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். இருட்டிவிட்டது. வானின் பின் சில்லு தரையோடு தட்டையாகக் கிடந்தது. வானுக்கு அடியில் தொங்கிய உதிரிச் சில்லைத் தம்பிமார்தான் இறக்கித் தந்தார்கள். அதில் ஒருவர் காலால் ஒரு மிதி மிதித்தார். அது அப்படியே அமுங்கியது. புறப்படும் முன் வாகனத்தைப் பார்த்துத் தந்தவர்கள் நான்கு சில்லுகளையும் பார்த்தார்கள். ஐந்தாவதையும் பாருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழும்பிலிருந்து மாங்குளம்வரை அத்தனை தூரமும், காற்றில்லாத ஒரு சில்லை நம்பிக்கையோடு சுமந்துகொண்டு வந்திருக்கிறோம்.

தம்பிமார் சில்லோடு போன சிறிது நேரத்தில், மண்வெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டியபடி ஐயா வந்தார். வயலில் இருந்து வருகிறார் என்பது காலில் காய்ந்திருந்த சேற்றிலேயே தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முதலில் வீதியோரத்தில் குழை முறித்து, வானுக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளிப் போட்டார். முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார். பிறகுதான் என்னிடம் பேசினார்.

“பிள்ளை, என்னுடைய வலது கை மடங்காது. நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள்.”

கை ஏன் மடங்காது என்று நான் கேட்கவில்லை. வன்னியில் அதைக் கேட்பதில்லை.

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும். சில்லு மாற்றத் தெரியாது. எப்போதும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்று பதினைந்து வருடம் ஓட்டிவிட்டேன். ஜக்கை எடுத்து வைக்கப் போனேன். “அது பிறகு” என்றார். சில்லு தரையில் ஊன்றி நிற்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு திருகினால் நட்டோடு சேர்ந்து சில்லும் சுற்றும். ஐந்து நட்டு இளகியது, ஆறாவது அசையவில்லை. யந்திரத்தால் இறுக்கியிருக்கிறார்கள். “கையால் முடியாது, மேலே ஏறி நில்லுங்கள்” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, வானைப் பிடித்துக்கொண்டு, நட்டுத் திருகும் சாவியின் நுனியில் ஏறி நின்றேன். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்த இரவில் நான் கேட்ட முதல் நல்ல சத்தம் அதுதான்.

பிள்ளைகளை இறங்கச் சொன்னார். ஜக்கில் நிற்கிற வாகனத்துக்குள் ஆள் இருக்கக் கூடாதாம். மகளிடம் ரோச் லைற்றைக் கொடுத்தார். மகன் தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை நீட்டிக்கொண்டு நின்றான். கழற்றிய நட்டுகள் ஒவ்வொன்றும் அதற்குள் விழ விழ எண்ணினான். ஐந்து வயது. அதுவரை அழுதுகொண்டிருந்தவன், ஆறு என்று எண்ணி முடித்தபோது அழுகையை மறந்துவிட்டான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. ஜக்கை வைத்துத் தூக்கத் தொடங்கியதும் வான் எழும்பவில்லை, ஜக்தான் கீழே இறங்கியது. முதல் நாள் பெய்த மழையில் வீதியோரக் கிரவல் ஊறியிருந்தது. ஐயா குனிந்து பார்த்தார். “பொறுங்கள்” என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போய்விட்டார் என்றே நினைத்தேன். பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்தை வாழ்நாளில் மறக்க மாட்டேன். அது யானை கடக்கும் வீதி என்று வரும் வழியில் அம்மாதான் சொல்லியிருந்தார்.

திரும்பி வந்தார். கரியரில் பழைய ரியூப்பைக் கீலமாக வெட்டி ஒரு பலகையைக் கட்டியிருந்தார். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம், மூன்று விரல் கனம். பாலை மரம். தூக்கிப் பார்த்தால் இரும்பு போலக் கனக்கிறது. அதை மண்ணில் அழுத்தி, மேலே ஜக்கை வைத்ததும் வான் சத்தமில்லாமல் எழும்பியது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தபோது ஐயா எங்களைப் பார்த்து நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, காட்டுப் பக்கம் பார்த்தபடியே, “இப்போது இடப்பக்கம் திருகுங்கள், பிள்ளை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் ஏன் முகம் கொடுத்துப் பேசுகிறார் இல்லை என்றுகூட நினைத்தேன். எங்களுக்காகக் காவல் நின்றிருக்கிறார் என்பது வைத்தியசாலைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அப்போது நான் வானை ஓட்டிக்கொண்டிருந்தேன், மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. இங்கே கேட்டுக்கொள்கிறேன், ஐயா.

தம்பிமார் காற்றடித்த சில்லைக் கொண்டுவந்து சேர்த்ததும் மாட்டினோம். நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு நேர் எதிரே உள்ளதை அடுத்ததாக இறுக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால்தான் சில்லு சரிந்து உட்காராது. வானை இறக்கிய பிறகு இன்னொரு முறை. முல்லைத்தீவு போய்ச் சேர்ந்ததும் இன்னொரு முறை. ரயர் கடைக்காரர் தம்பிமாரிடம் ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார். ரயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் இலக்கங்களில் கடைசி நான்கையும் பார்க்கட்டும் என்று. மகள் வெளிச்சம் பிடித்து வாசித்தாள்: 2314. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2014இல் 23ஆவது வாரம் செய்த ரயர்! ஓடாமலே கிழண்டு, ஓரமெல்லாம் வெடித்திருக்கிறது. மெதுவாகப் போங்கள், நாளைக்கே மாற்றுங்கள் என்பது அவர் சொன்ன செய்தி. மாற்றிவிட்டோம்.

எல்லாம் முடிந்து பிள்ளைகளை ஏற்றினேன். பணம் கொடுக்கப் போனேன். கையைத் தட்டவில்லை, கோபிக்கவுமில்லை, பார்க்காதது போல நின்றார். பலகையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். “அது உங்கள் வானுக்குள் கிடக்கட்டும். என்னிடம் மரம் இருக்கிறது” என்றார். பெயரைக் கேட்டேன். “இந்த வழியால் போகும்போது ஹோன் அடித்துவிட்டுப் போங்கள், போதும்.”

வானை எடுத்த பிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஐயா வீதியில் குனிந்து, சில்லுக்கு வைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மடங்காத கையால் குழைகளை அணைத்து இழுத்தார். கொழும்பில் எத்தனை வாகனங்கள் தாங்கள் வைத்த கல்லை நடுவீதியில் அப்படியே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் அன்று நானும் அதைத்தான் செய்தேன்.

கட்டிலில் இருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இடம்பெயர்ந்து போன நாட்களில், காற்றுப்போன சைக்கிளை மூட்டை முடிச்சோடு வெறும் றிம்மில் உருட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். ஒட்டுப்போட ஒன்றும் கிடையாது. இரவில் வெளிச்சமும் கிடையாது. “வழியில் கல் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போவோம். பின்னால் பிள்ளையைச் சுமந்துகொண்டு யாராவது வருவார்கள்.” அவ்வளவுதான் சொன்னார், தேநீரைக் குடித்தார்.

இனி எங்கள் வானுக்கு ஐந்து சில்லு. புறப்படும் நாளுக்கு முதல் நாளே, ரயர் சூடேறும் முன் ஐந்துக்கும் காற்றுப் பார்ப்பேன். ஜக், நீளக் குழாயோடு சாவி, ரோச், குடிதண்ணீர், அம்மாவின் மருந்தும் அவருக்கு உண்ண ஏதாவதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மகளுக்குப் பதினொரு வயது. வரும் விடுமுறையில் வீட்டு முற்றத்தில் அவளுக்கு நான் சில்லு மாற்றப் பழக்குவேன், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாவது. கல்லை எடுக்காமல் ஒரு இடத்தைவிட்டும் நகர மாட்டேன்.

ஐயா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். வைத்தியர் சம்மதித்தால் வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவை வற்றாப்பளைக்குக் கூட்டிவருகிறோம். போன பயணத்தில் அம்மனைக் கும்பிடக் கிடைக்கவில்லை என்ற குறை அவருக்கு. மாங்குளத்தில் திரும்பியதும் ஹோன் அடிக்கத் தொடங்குவேன். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஒட்டுசுட்டான் வரும்வரை அடிப்பேன்.

பலகை பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மகன் அதன் மேல் சோக்கால் ஆறு வட்டம் கீறி வைத்திருக்கிறான்.

அன்புடன்,
முள்ளியவளை அம்மாவின் மகள்