மூன்றாவது வாரம் முடி கொட்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதம் ஒருநாள் காலை 6 மணிக்கு எங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. தலையணை உறையின் மேல் பத்துப் பதினைந்து குட்டை முடிகள். கீழே ஒரே வரி: "எல்லாம் போச்சு சார்." அனுப்பியவர் எங்களிடம் முடி நட்டுக்கொண்டு (ஹேர் டிரான்ஸ்பிளான்ட்) அன்றைக்கு 22ஆவது நாள். மாலையில் நேரிலேயே வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பர் மடிப்பை எடுத்து மேசையில் பிரித்து வைத்தார். மூன்று நாளாக உதிர்ந்ததை ஒன்று விடாமல் சேர்த்திருந்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. சிகிச்சைக்கு முன்னால் நாங்கள் தரும் தாளில் "தற்காலிக முடி உதிர்வு ஏற்படலாம்" என்று ஒரு வரிதான் இருந்தது. 'ஏற்படலாம்' என்று சொன்னதே போதாது. அநேகமாக எல்லோருக்கும் ஏற்படும். அதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த மூன்று ராத்திரியும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

நட்ட முடி உதிரும். பெரும்பாலும் 2ஆவது வாரத்துக்கும் 6ஆவது வாரத்துக்கும் நடுவில் உதிரும். சிலருக்கு 8ஆவது வாரம் வரை போகும். உதிர்வது தோலுக்கு மேலே தெரிகிற முடி மட்டும்தான். அதை வளர்க்கிற வேர்ப்பை உள்ளேயே இருக்கிறது.

ஏன் இப்படி? பின்மண்டையிலிருந்து எடுத்த ஒவ்வொரு கிராஃப்டும் (வேர்ப்பையோடு எடுக்கும் சின்னத் தோல் துணுக்கு) ரத்த ஓட்டமே இல்லாமல் சில மணி நேரம் வெளியே காத்திருக்கிறது. புது இடத்தில் வைத்த உடனேயும் அதற்கு ரத்தம் கிடைத்துவிடாது. முதல் சில நாள் சுற்றியுள்ள திசுவில் ஊறும் நீரை வைத்தே பிழைக்கிறது, ரத்தக் குழாய்கள் அப்புறம்தான் வந்து சேர்கின்றன. அந்த நெருக்கடியில் வேர்ப்பை முடி வளர்க்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது. டைபாய்டு, டெங்கு வந்து தேறியவர்களுக்கும், குழந்தை பெற்ற பெண்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே சங்கதிதான். நட்ட பிறகு முடி இப்படி உதிர்வதை மருத்துவர்கள் 'ஷாக் லாஸ்' என்பார்கள். உப்புத் தண்ணீரில் குளித்ததாலோ, நாங்கள் தந்த ஷாம்பூ ஒத்துக்கொள்ளாததாலோ வருவதில்லை.

இந்த ஓய்வு சுமார் மூன்று மாதம் நீடிக்கும். எல்லோர் தலையிலும் எந்த நேரத்திலும் கொஞ்சம் வேர்ப்பைகள் ஓய்வில் இருக்கும், நாளுக்கு 50 முதல் 100 முடி உதிரும். அதை யாரும் கவனிப்பதில்லை. நட்ட இடத்தில் மட்டும் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதால்தான் கண்ணை உறுத்துகிறது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது விவசாயம் பார்க்கிற ஒருவர், "நட்ட நாத்து ஒரு வாரம் வாடிக் கிடந்துட்டு அப்புறந்தானே சார் பச்சை பிடிக்கும்" என்றார். எங்களைவிட அவர் நன்றாகச் சொல்லிவிட்டார்.

அந்த டிஷ்யூ பேப்பர் முடியை லென்ஸில் வைத்துக் காட்டினோம். ஒரு முனையில் ஊசி நுனி அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ். இதைப் பார்த்துத்தான் 'வேரோடு வந்துவிட்டது' என்று பலரும் கலங்குகிறார்கள். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை அப்படித்தான் தடித்திருக்கும். வீட்டில் யார் சீப்பில் சிக்கிய முடியையும் எடுத்துப் பாருங்கள், அதே குமிழ் இருக்கும். கிராஃப்டே பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரத்தம் கசியும். அந்த ஆபத்து முதல் சில நாள்தான், 10 நாள் தாண்டினால் கிராஃப்ட் தோலோடு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பொருக்கு உதிரும்போது கூடவே முடி ஒட்டிக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நட்ட முடிக்கு நடுவே ஏற்கெனவே இருந்த உங்கள் சொந்த முடியும் சிலருக்குக் கொட்டும். திடமான முடி என்றால் மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைத்துவிடும். ஆனால் வழுக்கையின் போக்கில் ஏற்கெனவே மெலிந்து, இன்றோ நாளையோ என்று இருந்த முடி உதிர்ந்தால் அது திரும்பாமலும் போகலாம். மருந்து தொடர்ந்து எடுக்கச் சொல்வது இந்த முடியைக் காப்பாற்றத்தான். 'நட்டாச்சு, இனி மருந்து எதற்கு' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முடி வளரத் தரும் மினாக்ஸிடில் என்ற மருந்தைப் புதிதாகத் தொடங்கினாலும் முதல் சில வாரம் உதிர்வு கூடும், அதுவும் அடங்கிவிடும். பின்மண்டையில் முடி எடுத்த இடத்தைச் சுற்றித் திட்டுத் திட்டாக மெலிந்தாலும் பொதுவாகத் திரும்ப நிறைந்துவிடும்.

மூன்றாவது மாதம்தான் மனசை ரொம்பச் சோதிக்கும். கண்ணாடியில் பார்த்தால் சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகக்கூடத் தெரியும். 3, 4 மாத வாக்கில் பூனைமுடி போல மெல்லிசாக, சிலருக்குச் சுருண்டு, முளைவிடும். முளைக்கிற இடத்தில் சின்னச் சின்னப் பரு வரலாம், கிள்ள வேண்டாம். முடி மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் 6ஆவது மாதத்தில்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும், உச்சந்தலையில் அதற்கு மேலும் ஆகலாம்.

கல்யாணத்துக்காக வருகிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறோம். "தை மாசம் முகூர்த்தம், ஐப்பசியில் நட்டுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். மணமேடையில் உட்காரும்போது சரியாக உதிர்ந்து முடித்திருக்கும். ஒரு வருடம் முன்னால் வாருங்கள், இல்லையென்றால் கல்யாணம் முடிந்த பிறகு வாருங்கள். பணம் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு நஷ்டம்தான், ஆனாலும் ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வருத்தப்படக் கூடாது.

உதிரும் நாட்களில் கை சும்மா இருக்காது என்பது தெரியும். எங்களிடம் நட்டுக்கொண்ட ஒருவர் 5ஆவது வாரத்தில் யாரோ சொன்னார்கள் என்று சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாற்றைத் தடவிவிட்டு, தலை தீயாக எரிய ஓடிவந்தார். தோல் சிவந்து போயிருந்தது. நல்லவேளையாக ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. எதைத் தடவுவதாக இருந்தாலும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தடவுங்கள். உதிர்வதை நிறுத்த எந்த எண்ணெயாலும் முடியாது, நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. புகைபிடிப்பவர்கள் அதை விட்டாலே பெரிய உதவி. புகை தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது.

வலி நாளுக்கு நாள் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், நட்ட இடத்தில் தோல் கறுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடுங்கள். இதெல்லாம் சாதாரண உதிர்வு இல்லை.

மற்றபடி ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது. 4ஆவது மாதப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அதுவரை எத்தனை முறை போன் செய்தாலும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலும், பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

டிஷ்யூ பேப்பரோடு வந்தவர் இப்போது 7ஆவது வாரத்தில் இருக்கிறார். உதிர்வது நின்றுவிட்டது. இன்னும் முளைக்கவில்லை, காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் முடி சிகிச்சை நிலையத்தார்
திருச்சி