மடியில் இருக்கும் பையைத் திறந்து பாருங்கள்: இலங்கையின் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முறைப்பாடு செய்ய வரும் தாய்மாரில் பலர் ஆவணக் கோவையோடு ஒரு பொலித்தீன் பையையும் கொண்டு வருவார்கள். பிள்ளை களத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் கடிதம் என்று கேட்டு முடிக்கும்போது, அந்தப் பை மடியிலேயே இருந்துவிடக் கூடாது. எலும்புக்குப் பெயர் தேடும் வேலையில் அதுவும் ஒரு சான்று.

உங்கள் அலுவலகத்தை நிறுவிய 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் போரில் காணாமற்போன படையினரையும் உள்ளடக்குகிறது. ஆனால் சிப்பாயின் கடிதமும் போராளியின் கடிதமும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. சிப்பாயின் பெயரும் படை இலக்கமும் ஏற்கெனவே பதிவில் உண்டு. 1996 யூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தபோது காணாமற்போனவர்களைப் போல, எந்த நாள் வரை, எங்கே இருந்தார் என்பதுதான் அங்கே கேள்வி. அதற்குக் கடிதத்தை விட உறை முக்கியம், முத்திரையில் விழுந்த அஞ்சல் நிலையப் பெயரும் திகதியும் அதை விட முக்கியம். பல வீடுகளில் கடிதத்தை வைத்துக்கொண்டு உறையை எறிந்திருப்பார்கள். இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

போராளிக்கு வீட்டில் ஒரு பெயர், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் வேறொரு பெயர், உடலில் அணிந்த தகட்டில் ஓர் இலக்கம். கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியில் 2023இல் வெளிப்பட்ட எச்சங்களோடு இலக்கத் தகடுகளும் கிடைத்தன. தகட்டில் வீட்டுப் பெயர் இராது. கடிதத்தின் அடியில் இட்ட இயக்கப் பெயர், ‘இன்னாரிடம் கேட்டால் தெரியும்’ என்று குறித்த தோழரின் பெயர், சில வேளை மூலையில் கிறுக்கிய இலக்கம், இவைதான் இரண்டையும் சேர்க்கும் நூல். ஆகவே முறைப்பாட்டுப் படிவத்தில் இயக்கப் பெயருக்கும் இலக்கத்துக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ‘வேறு விபரங்கள்’ என்ற கட்டத்துக்குள் போட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.

கடிதத்தை முழுக்க வாசியுங்கள். ‘இடது காலில பீஸ் (குண்டுச் சிதறல்) பட்டது, இப்ப சுகம், யோசிக்காதேங்கோ’ என்று அம்மாவுக்கு எழுதிய ஒற்றை வரி, தொடை எலும்பில் ஆறிய முறிவையோ பதிந்த உலோகத் துண்டையோ காணும் சட்ட மருத்துவ அதிகாரிக்குப் பெரிய தடயம். பல் பிடுங்கியது, கை முறிந்து கம்பி வைத்தது, கண்ணாடி மாற்றியது எல்லாவற்றையும் திகதியோடு குறித்து வையுங்கள். வீட்டாரைக் கலங்க வைக்கக் கூடாதென்று காயத்தைச் சின்னதாக்கித்தான் எழுதுவார்கள். ‘சின்னக் காயம்’ என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இனிக் காகிதத்தின் பாடு. போரின் கடைசிக் காலத்தில் பயத்தில் மண்ணுக்குள் புதைத்து, பிறகு தோண்டி எடுத்த கட்டுகளும் வரும். ஈரமாக ஒட்டிக்கிடப்பதை மேசையில் வைத்துப் பிரிக்கக் கூடாது. எழுத்து மற்றத் தாளோடு உரிந்து வரும். ஈரத் தாளில் இரண்டு நாளுக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கலாம். உடனே உலர்த்த வசதி இல்லையென்றால் கட்டைப் பொலித்தீனில் சுற்றி உறைகுளிரில் வைத்து, ஆவணக் காப்பாளர் வரும் வரை விடுங்கள். வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். குமிழ்முனைப் பேனை எழுத்து ஈரத்தை ஓரளவு தாங்கும், மைப்பேனை எழுத்து கரைந்து ஓடிவிடும். எனவே எது முதலில் என்ற கேள்வி வந்தால் மைப்பேனைக் கடிதத்தைக் கவனியுங்கள்.

காய்ந்த கடிதங்களுக்கு வரும் கேடு பெரும்பாலும் அன்பினால் வருவது. செலோரேப் ஒட்டுவார்கள், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லமினேற் செய்வார்கள்; அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. பிள்ளை நாவால் நனைத்து ஒட்டிய உறை மடிப்பிலோ முத்திரையிலோ மரபணு எஞ்சியிருக்கக்கூடும். பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம், உறவினரின் இரத்த மாதிரிதான் உறுதியான வழி. ஆனாலும் முத்திரையை நீரில் ஊறவைத்துக் கழற்றாமல், காகித உறையில் தனியே வையுங்கள்.

படம் எடுக்கும்போது இரு பக்கமும், உறையும், வெறுமையான பின்புறமும், அருகில் அடிமட்டம் வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், நிறத்தில் எடுங்கள். மங்கிய பென்சில் எழுத்துக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விளக்குப் பிடித்தால் அழுத்தத் தடம் தெரியும்.

செஞ்சிலுவை வழியாக வந்த குடும்பச் செய்திப் படிவம் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம் என்பதால் உள்ளடக்கம் சப்பென்று இருக்கும். ஆனால் தடுப்பிலிருந்தோ எதிர்த்தரப்பின் பிடியிலிருந்தோ வந்த படிவம், அந்தத் திகதியில் ஆள் உயிரோடு இன்னொருவர் பொறுப்பில் இருந்தார் என்பதைக் காட்டுகிறது. அதன் பிரதியோடு குடும்பத்தைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் அனுப்புங்கள்.

கடிதங்களில் உயிரோடு இருக்கும் தோழர்களின் பெயர்களும் வரும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவர்கள் பை திறக்கத் தயங்குவது இதனால்தான். வேலைக்கு எடுக்கும் பிரதியில் அந்தப் பெயர்களை மறைத்துவிடுங்கள்; மூலப் படத்தைப் பார்த்தவர் யார், எப்போது என்ற பதிவும் இருக்கட்டும். மூலக் கடிதத்தை அலுவலகத்தில் ஓர் இரவுகூட வைக்க வேண்டாம். தாள் எத்தனை, உறை எத்தனை என்று எழுதிக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டை, தமிழ் வாசிப்பவருக்குத் தமிழிலும் சிங்களம் வாசிப்பவருக்குச் சிங்களத்திலும் கொடுத்து, கடிதங்களை அன்றே தாயின் கையில் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
போர்க்கால ஆவணங்களைப் பேணும் வேலையில் இருக்கும் சிலர்