காந்தல் தோட்டக்காரிக்கு

கோத்தகிரி,
ஐப்பசி மழைக்கு நடுவே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகனுக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்து நீங்கள் அங்கே காந்தலில் குடியேறியதில் அவனை விட எனக்குத்தான் சந்தோஷம். இனி உன்னைப் பார்க்கப் பொள்ளாச்சி வரைக்கும் இறங்க வேண்டாம். மழை கொஞ்சம் விடட்டும், வருகிறேன். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்தைத்தான் அதிகம் பிடித்துக்கொள்ளும். மண் சரிவுக்குப் பயந்து இப்போது நான் கடைத்தெருவைத் தாண்டிப் போவதில்லை. இங்கே எல்லோரும் நலம். அவர் ஓய்வு பெற்ற பிறகு விதவிதமாகத் தெளிப்பான் வாங்கி அடுக்குகிறார். அவற்றில் அடிக்க என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது.

சரி, உன் தக்காளிக்கு வருகிறேன். எந்தப் பூச்சிமருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பூச்சியே இல்லை. இலையில் தண்ணீர் ஊறியது போல் கருந்திட்டு, அடியில் வெள்ளைப் பூசணம், ஒரே வாரத்தில் செடி முழுக்கக் கருகல்: இதெல்லாம் உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவக் கருகல் நோய். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம். குளிரும் மூடுபனியும் சேர்ந்தால் அந்தப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். கருகிய செடிகளைப் பிடுங்கி ஆழமாகப் புதைத்துவிடு, உரக்குழியில் போடாதே. அடுத்த முறை தக்காளியைக் கூரைத் தாழ்வாரத்தின் கீழ், மழை மேலே விழாத இடத்தில் வை. உருளைப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று ஓடும்.

பொள்ளாச்சியில் மாவுப்பூச்சியோடும் வெள்ளை ஈயோடும் மல்லுக்கட்டிய பழக்கத்தில் எதைக் கண்டாலும் உனக்கு மருந்து ஞாபகம் வருகிறது. மலையில் முதலில் ஈரத்தைத்தான் கவனிக்க வேண்டும். செடிகளை நெருக்கி நடாதே. சாயங்காலம் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விடு. காலையில், அதுவும் வேரில் ஊற்று. இலை ராத்திரிக்குள் காய்ந்திருந்தால் பாதித் தொல்லை போய்விடும்.

மீதித் தொல்லையில் பெரிய பங்கு நத்தைக்கு. ஓடு உள்ளதை விட ஓடில்லாததுதான் மோசம், ஒரே ராத்திரியில் கோஸ் நாற்றை மொட்டையாக்கிவிடும். இருட்டும் நேரத்தில் நனைந்த சாக்கையோ கவிழ்த்த தேங்காய்த் தொட்டிகளையோ பாத்தி ஓரத்தில் போட்டு வை. விடிந்ததும் எடுத்துப் பார், அடியில் கூடியிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். உப்பை நேராக மண்ணில் மட்டும் தூவாதே, செடிக்குக் கேடு. அடுப்புச் சாம்பல் தூவச் சொல்வார்கள். காய்ந்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும், இந்த மழையில் வீண். கடையில் விற்கிற நத்தைக் குருணையை வாங்காதே. நாய் தின்றால் செத்துப்போகும், உன் வீட்டுக் குட்டி வேறு எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் என்று எழுதியிருக்கிறாய்.

நாற்று அடியோடு வெட்டிச் சாய்ந்து கிடந்தால் அது நத்தை இல்லை, வெட்டுப்புழு. பகலில் அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் சுருண்டு படுத்திருக்கும். விரலால் கிளறினால் அகப்படும். நடும்போதே தண்டைச் சுற்றிக் கெட்டி அட்டையில் ஒரு வளையம் செய்து மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கும்படி வைத்தால் தண்டை நெருங்காது.

கோஸ் போடுவதாக இருந்தால், நாற்று நடுவதற்குப் பதினைந்து நாள் முன்னாடி பாத்தி ஓரத்தில் கடுகு விதைத்துவிடு. வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கோஸை விடக் கடுகு பிடிக்கும், முட்டையை அங்கே போய் வைக்கும். தொட்டால் துள்ளி நூலில் தொங்குகிற சின்னப் பச்சைப் புழு அதனுடையதுதான். கடுகில் புழு ஏறியதும் செடியோடு பிடுங்கி அழித்துவிடு. அப்படியே விட்டால் நீயே பண்ணை வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உன் ரோஜா மொட்டில் மொய்ப்பது அசுவினி, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். எறும்பு ஏறி இறங்குகிறதா பார். அசுவினி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கும், அதனால் எறும்பையும் விரட்ட வேண்டும். பொறிவண்டைக் கண்டால் ஒன்றும் தெளிக்காதே, அதுவே தின்று தீர்த்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மழை இல்லாத சாயங்காலமாகப் பார்த்து இலையின் அடியில் படும்படி தெளி. இந்தக் குளிரில் எண்ணெய் உறைந்து கிடக்கும். புட்டியை வெந்நீரில் சற்று நேரம் வைத்து இளக்கிக்கொண்டு கலக்கு, இல்லாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

உருளை போட ஆசை என்றால் ஒரு எச்சரிக்கை. 1961ல் இந்த நீலகிரியில்தான் நம் நாட்டிலேயே முதன்முதலாக உருளையின் தங்க நூற்புழுவை, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவை, கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் தொட்டிக்கு யாராவது பழைய உருளைத் தோட்டத்து மண் கொடுத்தால் வாங்காதே. அந்தப் புழுவைத் தாங்குகிற உருளை ரகமாக குஃப்ரி ஸ்வர்ணா இருக்கிறது. முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உனக்குப் பக்கம்தானே, மகனை அனுப்பி விசாரி. ஒரே பாத்தியில் வருஷாவருஷம் உருளையே போடாமல் பீன்ஸ், கேரட், பூண்டு என்று மாற்றிக்கொண்டே இரு.

மார்கழி வந்தால் காந்தலில் உறைபனி விழும். சாயங்காலமே பீன்ஸையும் தக்காளியையும் சாக்கோ காய்ந்த பெரணியோ போட்டு மூடு. அசந்துவிட்டால், வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடு. கேரட்டும் கோஸும் ஓரளவு தாங்கும்.

இங்கே எங்களுக்குக் கரடிதான் பிரச்சினை. கொய்யா பழுத்தால் வாசனை பிடித்து வந்துவிடுகிறது. போன வாரம் பக்கத்து வீட்டு வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டது. அதனால் பழத்தை முதிர்ந்ததும் பறித்துவிடுகிறோம், உரக்குழிக்கும் கனமான மூடி போட்டாயிற்று. அங்கே காட்டெருமை வருமென்றால் பக்கத்தில் போகாதே, விரட்டவும் வேண்டாம். கோஸ் போனால் போகட்டும்.

தீபாவளிக்குப் பொள்ளாச்சி போவாய் அல்லவா? உன் அண்ணன் தோட்டத்தில் வேப்பங்கொட்டை காயவைத்திருந்தால் ஒரு படி வாங்கி வா. இந்த உயரத்துக் குளிரில் வேம்பு வளராது, கடைக் கொட்டையோ பழசு. உனக்கு நல்ல மலைப்பூண்டு விதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன், மரத்தக்காளி நாற்றும் இரண்டு இருக்கிறது. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. குனிந்து களை எடுக்காமல் முக்காலி போட்டு உட்கார்ந்து எடு.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி